சென்னிமலைக்குத் தெற்கே தினமும் ராத்திரி கலர் வெளிச்சம்: நிலம் அளக்கிற ட்ரோனா, வேறு ஏதாவதா?

இட்டேரி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் தோட்டம் ஊத்துக்குளிக்குக் கிழக்கே. வாசலில் நின்றால் நேராகச் சென்னிமலை தெரியும், மலைக்கோயில் விளக்கும் தெரியும். அந்த விளக்கைச் சொல்லவில்லை, அதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். அதற்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி, பக்கத்துத் தோட்டத்துத் தென்னைக்கு மேலே ஒரு வெளிச்சம் வந்து நிற்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி அடிக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. முதலில் பார்த்தது கார்த்திகை தீபத்தன்று, விளக்கெல்லாம் வைத்து முடித்து மோட்டார் போடப் போனபோது, ஒன்பது மணி இருக்கும். இப்போது ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. நேரத்தை மாற்றிக்கொண்டே வருகிறான் என்று தம்பி சொல்கிறான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வடகிழக்கே அதைவிடப் பெரிதாக வெள்ளை வெளிச்சம், அது கண் சிமிட்டுவதே இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஜோடி போட்டு வருகின்றன. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இது ஓடாத நாளில்லை. போன மாதம் பக்கத்துக் காட்டில் யாரோ வந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள், எதற்கு என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. உயர் மின்கோபுரம் வருகிறது, அதற்குத்தான் ராத்திரியில் ட்ரோன் விட்டு அளக்கிறார்கள் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் பறக்கும் தட்டு என்கிறார்கள். பையன்கள் இரண்டு பைக்கில் சென்னிமலை ரோட்டில் அதைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறார்கள், எவ்வளவு போனாலும் அதே தூரத்தில் முன்னாலேயே நின்றதாம். டார்ச் அடித்தால் பதிலுக்கு மின்னுகிறது என்கிறான் ஒருவன். போனில் ஜூம் பண்ணி எடுத்த வீடியோவில் வட்டமாகத் தட்டு மாதிரியே தெரிகிறது, உள்ளே ஏதோ நெளிகிறது.

தயவுசெய்து "நட்சத்திரம்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும்.

நொய்யல் மீன்:
வேற்றுக்கிரகத்துக்காரன் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்க வந்திருப்பானுங்க. இரண்டு கிலோ கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.

உடுமலைக் காத்தாடி:
கிண்டல் அப்புறம். நான் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன், ராத்திரி ட்யூட்டியும் உண்டு, அதனால் இந்த "வெளிச்சம் நிற்கிறது" பஞ்சாயத்து எனக்குப் பழக்கம். எங்கள் காத்தாடி உச்சியில் விமானத்துக்காக எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டே பயந்தவர்கள் உண்டு. இறங்க வரும் விமானமும் ஏமாற்றும். நமக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு வரும்போது அதன் முன்விளக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும், சில நிமிடம் கழித்துத் திரும்பும்போதுதான் விமானம் என்று தெரியும். கருமத்தம்பட்டி, அவிநாசி பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆனால் உங்களுடையது இது எதுவும் இல்லை, ட்ரோனும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. சர்வேக்கு வரும் சாதாரண ட்ரோன் ஒரு பேட்டரியில் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. படம் எடுத்து நிலம் அளக்கிறவன் வெயில் நன்றாக அடிக்கும் நேரம் பார்த்துத்தான் வருவான், இருட்டில் வந்து என்னத்தை எடுப்பான்? பக்கத்தில் பறந்தால் சத்தமும் காதில் விழும். உங்கள் வெளிச்சம் எத்தனை நேரம் நிற்கிறது?

இட்டேரி:
அதுதானுங்க ஆச்சரியம். தண்ணி கட்டி முடிக்கிற வரை, நடு ராத்திரிக்கும் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் இல்லை, மெல்ல மேலே ஏறிவிடுகிறது. மேலே ஏறியதும் கலர் குறைந்து வெள்ளையாகிவிடுகிறது. சில நாள் கீழே இருக்கும்போது டக்கென்று அணைந்து மறுபடி எரிகிறது.

பவானிக்கரை டீச்சர்:
இட்டேரி தம்பி, நீங்கள் கேட்டபடியே ஒரு வார்த்தையில் முடிக்கப் போவதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவள், ஓய்வு பெற்றாயிற்று, நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் விடையே இருக்கிறது. தீபம் 2025 டிசம்பர் 3. இன்று 2026 ஜனவரி 5. நடுவில் 33 நாள். பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றுவதால் எந்த நட்சத்திரமும் நேற்று வந்த இடத்துக்கு இன்று ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். 33ஐ நான்கால் பெருக்கினால் 132 நிமிடம், அதாவது இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது மணியிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். நீங்களே "ஏழு மணிக்கு முன்பே" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த சர்வேக்காரனும் நாளுக்கு 4 நிமிடம் என்று கணக்கு வைத்து வேலைக்கு வரமாட்டான்.

அது சிரியஸ். ராத்திரி வானத்து நட்சத்திரங்களிலேயே பிரகாசமானது, 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்குக்கு 17 டிகிரி தெற்கே உதிக்கும். சென்னிமலைக்குத் தெற்கே என்று நீங்கள் சொன்ன இடம் அதுதான். சரிபார்க்க வேண்டுமானால் அதற்கு மேலே பாருங்கள், மூன்று நட்சத்திரம் நெருக்கமாக ஒரே வரிசையில் இருக்கும். அந்த வரிசையை அப்படியே கீழ்நோக்கி நீட்டினால் உங்கள் ட்ரோனில் போய் முட்டும். அந்த மூன்றுக்குப் பக்கத்தில் செம்மையாக ஒன்று தெரிகிறதே, அது திருவாதிரை.

கலர் ஏன் அடிக்கிறது? நட்சத்திரம் கலர் மாற்றவில்லை, அது எப்போதும் வெள்ளைதான். அடிவானத்துக்கு மேலே 5 டிகிரி உயரத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால், உச்சியில் இருப்பதைப் பார்க்கும்போது குறுக்கே வருவதைப் போல் பத்து மடங்கு காற்றைக் கடந்துதான் அதன் வெளிச்சம் நம் கண்ணுக்கு வரவேண்டும். அந்தக் காற்றில் சூடும் குளிருமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், ஒவ்வொரு திட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் வளைக்கும், சிவப்பை ஒரு அளவு, நீலத்தை இன்னொரு அளவு. ஓடுகிற வாய்க்காலில் கிடக்கும் காசு நெளிகிற மாதிரிதான், இங்கே நெளிவதோடு நிறமும் பிரிந்து பிரிந்து வந்து சேர்கிறது. மற்ற நட்சத்திரத்துக்கும் இது நடக்கும், ஆனால் அவை மங்கல் என்பதால் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. மேலே ஏற ஏற நடுவில் காற்று குறைகிறது, ஆட்டமும் அடங்குகிறது. டக்கென்று அணைவது மார்கழிப் பனி மூட்டமும் அடிவானத்தில் போகும் மேகத் துண்டும் செய்யும் வேலை. டார்ச் அடித்ததற்குப் பதில் வந்தது என்றால், அது நொடிக்குப் பல தடவை மினுங்கிக்கொண்டே இருக்கும்போது எப்போது டார்ச் அடித்தாலும் பதில் வரத்தான் செய்யும்!

வடகிழக்கில் இருக்கும் அந்த வெள்ளை வியாழன் கிரகம். மூன்றாம் தேதி திருவாதிரைப் பௌர்ணமியன்று நிலாவை ஒட்டி ஒன்று பளிச்சென்று இருந்ததே, பார்த்தீர்களா? அதுவேதான். இந்த மாதம் 10ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, அதனால் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழுந்து விடிய விடிய இருக்கும். நமக்கும் அதற்கும் இப்போது ஏறக்குறைய 63 கோடி கிலோமீட்டர். கிரகம் வானத்தில் சின்ன வட்டம், வெறும் புள்ளி இல்லை, அதனால் காற்றின் ஆட்டம் அதில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அவ்வளவாக மினுங்காது. இரண்டும் ஜோடியாக வருவது இந்த வருடத் தற்செயல். வியாழன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ராசி நகரும், அடுத்த மார்கழியில் சிரியஸ் இதே நேரத்துக்கு வரும், வியாழன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தித்தான் வரும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. குருப்பெயர்ச்சி என்றால் வேன் பிடித்து ஆலங்குடிக்குப் போகிறோம், பஞ்சாங்கத்தில் குரு மிதுனத்தில் என்று படிக்கிறோம். அந்தக் குருவே வாசலுக்கு எதிரே வந்து நின்றால் ட்ரோன் என்கிறோம்.

நொய்யல் மீன்:
டீச்சர், என் வெண்ணெயை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த வெள்ளி, விடிவெள்ளி என்பதெல்லாம் எங்கே? பறக்கும் தட்டு என்றாலே அதைத்தான் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பவானிக்கரை டீச்சர்:
வெள்ளிதான் இதில் பெரிய கை, சந்தேகமே இல்லை. சூரியன், நிலாவுக்கு அடுத்தபடி பிரகாசம் அதற்குத்தான். ஆனால் அது சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது, ஆகவே பொழுதோட மேற்கே அல்லது விடியாலே கிழக்கே, நடு ராத்திரியில் உச்சி வானத்தில் வராது. இந்த வாரம் அது சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கண்ணில் படாது. சில வாரம் கழித்து மேற்கே வெள்ளியங்கிரி பக்கம் பொழுது விழுந்ததும் தலைகாட்டத் தொடங்கும், அப்போது இந்த மன்றத்தில் அடுத்த கேள்வி வரும் பாருங்கள்.

இட்டேரி:
டீச்சர், நாள் கணக்கு மனதில் பட்டது. ஆனாலும் இரண்டு விஷயம் இடிக்கிறது. நான் கட்டிலில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், இடது பக்கம் கொஞ்சம் போகிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. என் கண்ணால் பார்த்தேன். இன்னொன்று, போன் வீடியோவில் ஏன் தட்டாகத் தெரிகிறது? நட்சத்திரம் புள்ளி என்றால் புள்ளியாகத்தானே விழ வேண்டும்?

கேமராக்காரன் (ஈரோடு):
வீடியோவுக்கு நான் பதில் சொல்கிறேன், கல்யாண வீட்டுப் போட்டோ எடுப்பவன். இருட்டில் ஒரே ஒரு புள்ளியைக் கொடுத்தால் போனுக்கு ஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காது, முன்னும் பின்னும் தேடும். ஃபோகஸ் தவறினால் எந்தப் புள்ளியும் லென்ஸ் திறப்பின் வடிவத்தில் வட்டமாக விரியும். வட்டத்துக்குள்ளே நெளிவது காற்றின் ஆட்டமும் லென்ஸில் இருக்கும் கைரேகை எண்ணெயும். தெருவிளக்கைத் தூரத்திலிருந்து இதே மாதிரி ஜூம் பண்ணி எடுங்கள், அங்கேயும் தட்டு வரும். குரூப்பில் வந்த வீடியோவில் தட்டு பெரிதாகிச் சின்னதாகுமே, "இறங்கி வருகிறது" என்று கத்துவார்களே, அது போன் ஃபோகஸ் தேடுவது, வேறொன்றும் இல்லை.

பவானிக்கரை டீச்சர்:
நகர்வது பற்றி. நீங்கள் பொய் சொல்லவில்லை தம்பி, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு புள்ளி, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. நம் கண் அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கிறோம், அது எப்போதும் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்கிறது, அந்த அசைவை மூளை புள்ளியின் தலையில் போட்டுவிடுகிறது. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் என்ற பெரிய இயற்கை ஆய்வாளரே 1799இல் டெனெரிஃப் தீவு மலையில் நட்சத்திரங்கள் அலைவதைப் பார்த்து, அவைதான் நகர்கின்றன என்று எழுதி வைத்தார். பின்னாளில் ஒரே நட்சத்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில் பார்த்தபோது ஆளுக்கொரு திசையில் நகர்வதாகச் சொன்னார்கள், அப்போதுதான் விஷயம் கண்ணில் இருக்கிறது என்று தெரிந்தது. உங்கள் வீட்டிலும் தம்பியைப் பக்கத்தில் வைத்து, பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு தாளில் திசையை எழுதிப் பாருங்கள்.

பைக் சமாச்சாரமும் இதே வகை. மரம் பின்னால் போகும், கம்பம் பின்னால் போகும், அவ்வளவு தூரத்தில் இருப்பது மட்டும் நம்மோடு வரும். நிலா கூடவே வருகிறது என்று சின்னப் பிள்ளையில் எல்லோரும் ஓடியிருக்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். ஒரு அரை இஞ்சு பிவிசி பைப், மூன்று அடி துண்டு போதும். வேலிக் கல்லில் ஆடாமல் இறுக்கிக் கட்டி அந்த வெளிச்சத்தைக் குறிவையுங்கள். மணி பாருங்கள். பைப்பைத் தொடவே தொடாதீர்கள். மறுநாள் அதே பைப் வழியாக எப்போது தெரிகிறது என்று பாருங்கள்.

பட்டாளத்துக்காரர் (சூலூர்):
இட்டேரி தம்பி வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வந்தேன். நான் ராணுவத்தில் இருந்தவன். லடாக்கில் எல்லையில் நடந்தது பத்திரிகையிலேயே வந்தது. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை நம் படையினர் பாங்கோங் ஏரிப் பக்கம் சீன ட்ரோன் வருகிறது என்று 329 தடவை குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் 155 தடவை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகக் கணக்கு. கடைசியில் பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பக்கத்து நட்சத்திரங்களை வைத்து அந்த வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று குறித்துப் பார்த்ததும் விஷயம் வெளிவந்துவிட்டது. ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே சீனாக்காரன், அவனிடம் ட்ரோன் உண்டு என்பதும் தெரியும், அந்த உயரத்தில் காற்று மெலிந்து கிரகம் இன்னும் பளிச்சென்று இருக்கும். அங்கே நிற்பவனுக்கு வெளிச்சம் என்றால் முதலில் ட்ரோன்தான் ஞாபகத்துக்கு வரும். உங்கள் ஊரில் பக்கத்துக் காட்டில் கல் நட்டிருக்கிறான், உங்களுக்கு சர்வே ஞாபகம் வருகிறது. கல் நடாத வருடத்தில் இதே சிரியஸ் வந்து போயிருக்கும், யாரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் கண்:
எல்லாவற்றையும் நட்சத்திரம், கிரகம் என்று தள்ளிவிட்டால் எப்படி? அமெரிக்க விமானப்படையே ஆராய்ந்து விளக்க முடியவில்லை என்று கைவிட்டது நிறைய இருக்கிறதே. வரிசையாக ரயில் பெட்டி மாதிரி வெளிச்சம் போனதை எங்கள் தாராபுரத்தில் ஊரே பார்த்தது, அதற்கு என்ன சொல்வீர்கள்?

உடுமலைக் காத்தாடி:
ரயில் பெட்டி ஸ்டார்லிங்க், இன்டர்நெட்டுக்காக விடுகிற செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஏவுகிறார்கள், ஏவிய புதிதில் வரிசை பிரியாமல் போகும், பொழுது விழுந்த சித்த நேரத்தில் அல்லது விடிவதற்கு முன் தெரியும். நானே டவர் மேல் இருந்து பார்த்தேன், தெரியாதவனுக்கு நிஜமாகவே அடிவயிறு கலங்கும்.

பவானிக்கரை டீச்சர்:
மூன்றாம் கண் சொல்வது ப்ளூ புக் திட்டம். 1969இல் மூடும்போது மொத்தம் 12,618 தகவல், அதில் 701 அடையாளம் தெரியாதவை என்று எழுதி வைத்தார்கள். அந்த 701ஐ நான் மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் தெரியாதது என்றால் விடை கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம், வேற்றுக்கிரகத்துக்காரன் வந்தான் என்று ஆகிவிடாது. இட்டேரி கொடுத்த தகவலைப் போல் தேதி, மணி, திசை மூன்றும் இருந்தால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்கு 701 வேண்டும், எனக்கு மீதி 11,917 பிடிக்கும், அவ்வளவுதான் சண்டை.

இட்டேரி:
பைப் கட்டியாயிற்று. முதல் நாள் 7.20க்குக் குறி வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பைப் ஓட்டையின் ஓரத்துக்கு நகர்ந்து சித்த நேரத்தில் மறைந்துவிட்டது, நிற்கிற வெளிச்சம் என்று இத்தனை நாள் நினைத்தது நிற்கவே இல்லை. மறுநாள் 7.15க்கே கண் வைத்துக் காத்திருந்தேன், 7.16க்கு உள்ளே வந்தது. அப்பாவும் பார்த்தார். மூன்று நட்சத்திர வரிசையும் டீச்சர் சொன்ன மாதிரியே கீழே கோடு காட்டுகிறது. மச்சானிடம் பைனாகுலர் வாங்கி வடகிழக்கில் இருப்பதையும் பார்த்தோம், கை ஆடாமல் கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளி ஒரே கோட்டில்.

தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரோன்காரனும் கடிகாரம் பார்த்துத்தானே வருவான் என்கிறான்.

பவானிக்கரை டீச்சர்:
அந்தப் புள்ளிகள் வியாழனின் நிலாக்கள். அதற்கு நிலா நிறைய உண்டு, பைனாகுலரில் தெரிகிற பெரியவை நான்கு, ஒன்று முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் அவற்றைத்தான், அவரும் முதல் ராத்திரி மூன்றுதான் பார்த்தார். நாளைக்கு மறுபடி பாருங்கள், இடம் மாறியிருக்கும். தம்பிக்கு அதைக் காட்டுங்கள்.

பட்டாளத்துக்காரர் (சூலூர்):
வெளிச்சக் கதை முடிந்தது, கல் கதை முடியவில்லை தம்பி. அதை விட்டுவிடாதீர்கள். எந்த சர்வே எண்ணில் எத்தனை கல், என்ன குறி எழுதியிருக்கிறது என்று பகலில் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், அதோடு தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இட்டேரி:
சரிங்க. அவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். குரூப்பில் பைப் போட்டோவைப் போட்டேன், இப்போது ஆளாளுக்கு டிரிப் பைப்பை வெட்டி வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.